தொண்ணூற்றிரண்டாம் சாலையில் பரங்கிப் பருவம்

ஹேவர்டில் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைப் பதினோரு கிலோமீட்டர் நீளப் பாலத்தில் கடந்து, சான் மாட்டியோவை ஊடறுத்து, மலை ஏறி இறங்கிப் பசிபிக் கரையில் முடிகிறது கலிபோர்னியாவின் 92ஆம் எண் நெடுஞ்சாலை. மலைப் பகுதி வந்ததும் சாலை ஒடுங்கிவிடும். மற்ற மாதங்களில் அது யாருக்கும் பெரிதாக உறைக்காது. அக்டோபர் சனிக்கிழமைகளில் அந்தக் கடைசித் துண்டைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று என்று யாராவது சொன்னால் தாராளமாக நம்பலாம். அத்தனை வண்டியும் போவது பரங்கிக்காய் பார்க்க.

நாங்களும் போனோம். 2023 அக்டோபர் 14. அன்று மகாளய அமாவாசை. போதாததற்குக் காலையில் சூரிய கிரகணம். ஃப்ரீமான்ட்டில் அண்ணன் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். கிரகணம் விடும்வரை ஒருவரும் வாசல் தாண்டக் கூடாது என்று சம்பந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லோரும் தலைக்குக் குளித்து, கொலுப்படியில் மரப்பாச்சியை ஏற்றி வைத்துவிட்டு வண்டியை எடுக்கும்போது உச்சி வேளை. "ஏழு மணிக்கே கிளம்பியிருந்தா ஊருக்குள்ள நிம்மதியா நிறுத்தியிருக்கலாம் சித்தப்பா. இப்ப மலையிலயே மாட்டிக்கப் போறோம்" என்றாள் அண்ணன் மகள். மாட்டிக்கொண்டோம்.

மாட்டிய இடம் மோசமில்லை. இரண்டு பக்கமும் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கம். சான் பிரான்சிஸ்கோ நகரம் குடிக்கிற தண்ணீர் அங்கே நிற்கிறது. அதற்கு நேர் கீழே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஓடுகிறது. 1906இல் அந்த நகரத்தை உலுக்கிச் சாய்த்த அதே பிளவு. பூமி வெடித்த கோட்டின் மேல் தண்ணீரைத் தேக்கி, அதன் குறுக்கே சாலை போட்டு, அந்தச் சாலையில் பரங்கிக்காய்க்காக மணிக்கணக்கில் நிற்கிறார்களே, இந்த ஜனங்களுக்குத் துணிச்சல் அதிகம்தான்.

மலை இறங்கியதும் நிறம் மாறியது. காய்ந்த புல் மேடுகளுக்கு நடுவே, பிலார்சிடோஸ் ஓடையை ஒட்டிய குறுகிய சமவெளி. அதில் பாதி இடத்தில் தரையே தெரியவில்லை, எல்லாம் ஆரஞ்சு. பார்த்த மாத்திரத்தில் கொடியோடு விளைந்து கிடக்கிறது என்றுதான் தோன்றும். இறங்கிப் பார்த்தால் பல தோட்டங்களில் இருப்பவை முன்பே அறுத்த காய்கள். சாலையோரத் திடலில் கொண்டுவந்து, இறைத்த மாதிரி பரப்பியிருக்கிறார்கள். குழந்தைகள் உள்ளே ஓடி, தாங்களே 'கண்டுபிடித்து'த் தூக்கி வர வேண்டும். காய்க்குக் கொடுக்கிற காசில் முக்கால்வாசி அந்த ஓட்டத்துக்குத்தான். கூடவே வைக்கோல் கட்டுகளில் உட்காரலாம், மக்காச்சோளக் கொல்லைக்குள் வழி தவறலாம், டிராக்டர் வண்டியில் ஒரு சுற்றுப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு.

எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இது விவசாயமா, பொருட்காட்சியா? பிறகு மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது எது என்று யோசித்தேன். சிலிக்கான் பள்ளத்தாக்கு. உலகிலேயே நிலத்துக்கு இப்படி விலை போகிற இடங்கள் குறைவு. அந்தப் பணம் மலை தாண்டி வழியாமல் இருக்க 1976ஆம் வருடத்துக் கலிபோர்னியக் கடற்கரைச் சட்டம் ஒரு காரணம். சட்டம் கட்டடத்தைத் தடுக்கும். உழவனுக்குச் சோறு போடாது. சோறு போடுவது அக்டோபரில் பரங்கி, டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம். இத்தாலியிலிருந்தும் போர்த்துகலிலிருந்தும் வந்து இந்தக் கரையில் கூனைப்பூவும் களைக்கோசும் பயிரிட்ட குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்று இந்தச் சீட்டு வசூலில் நிலத்தைத் தக்க வைத்திருக்கிறார்கள். நகரத்து மனிதரின் வாசல் அலங்கார ஆசை ஒரு கிராமத்து வயலைக் காப்பாற்றுகிறது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆசை என்னவென்று அண்ணன் மகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் கணினிக்காரி. வருடம் முழுக்கத் திரைக்கு முன்னால் குனிந்திருப்பவள், செப்டம்பர் கடைசியில் வேறு ஆளாகிவிடுகிறாள். வாசற்படியில் என்ன அடுக்குவது என்று தாளில் படம் போட்டு வைத்திருந்தாள். கீழே பெரிய, தட்டையான காய். அதன் மேல் அதைவிடச் சிறியது. உச்சியில் கையளவுக் குட்டி. பக்கத்தில் காய்ந்த சோளத்தட்டைக் கட்டு, இரண்டு தொட்டி சாமந்தி. ஆயுத பூஜைக்கு நம் ஊரில் லாரி முகப்பில் கட்டுகிற அதே சாமந்திதான் அங்கேயும் இலையுதிர்காலப் பூ.

வெறும் ஆரஞ்சு உருண்டையை இப்போது விவரம் தெரிந்தவர்கள் சீந்துவதில்லையாம். அவள் தேடியது ரகங்களை. பிரான்ஸ் நாட்டு 'ரூஜ் விஃப் தெதாம்ப்' ஒன்று: செம்பழுப்பு, தட்டை, ஆழமான வரி. சிண்டரெல்லா என்றால்தான் கடையில் புரிகிறது. ஆஸ்திரேலிய 'ஜாரடேல்' சாம்பல் கலந்த நீலம். காயில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. 'லூமினா' வெள்ளை. 'கேல்யூ தேசீன்' இளஞ்சிவப்பு. மேலெல்லாம் வேர்க்கடலையை ஒட்டி வைத்த மாதிரி மரு. சர்க்கரை தோலுக்கு அடியில் சேர்ந்துதான் அந்த மருக்கள் உண்டாகின்றன. பேரன் அதைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டான். "இது அசிங்கமா இருக்கு, அதனால இதுதான் வேணும் தாத்தா."

எடுக்கும்போது அவள் முதலில் பார்த்தது காம்பை. காம்பு நீளமாக, கெட்டியாக, வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒடிந்தால் அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். அடியில் நகத்தால் கீறிப் பார்த்தாள். கீறல் விழவில்லை என்றால் முற்றிய காய். கும்பகோணத்தில் என் பாட்டி சந்தையில் செய்ததும் இதேதான். காய்களைப் பரணில் காம்போடு அடுக்கி வைத்து ஆடியில் வாங்கியதை ஐப்பசியில் நறுக்குவார். பாட்டிக்கும் இவளுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: பாட்டி நறுக்குவதற்கு வாங்கினார்.

அந்த வித்தியாசத்தில்தான் அமெரிக்கப் பரங்கியின் வரலாறே இருக்கிறது. இது அந்த மண்ணின் காய். மெக்சிகோவின் வஹாகா மாநிலத்துக் குயிலா நக்கீட்ஸ் குகையில் கிடைத்த விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழமையானவை. மக்காச்சோளத்துக்கும் முன்பே அங்கே மனிதர் பயிராக்கியது பரங்கியினத்தைத்தான். சோளத் தட்டையில் பீன்ஸ் ஏறும், பரங்கி இலை தரையை மூடி ஈரம் காக்கும் என்று மூன்றையும் ஒன்றாக நட்ட பூர்வகுடிகளிடமிருந்து வெள்ளைக் குடியேறிகள் அதைக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதில் பெருமை ஒன்றும் படவில்லை. வேறு வழியில்லாதபோது தின்கிற பண்டம், மிஞ்சினால் மாட்டுக்கு. 1796இல் வந்த அமேலியா சிம்மன்ஸின் சமையல் புத்தகம் அதை முட்டை, பாலேடு சேர்த்து மாவுக்கூட்டில் வேகவைக்கச் சொல்கிறது. அதுதான் இன்றைய 'பம்ப்கின் பை'க்கு முன்னோடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமத்துப் பிள்ளைகள் ஆலை வேலைக்கு நகரம் போனார்கள். சந்தையில் விலை போகாத, எந்த முதலாளிக்கும் லாபம் தராத அந்தக் காய், விட்டு வந்த வீட்டின் அடையாளமாயிற்று. சிண்டி ஓட் என்ற வரலாற்றாசிரியர் 2012இல் பரங்கியைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் வாதம் ஏறக்குறைய இதுதான். தின்ன வேண்டிய கட்டாயம் போன பிறகே ஒரு காய் அழகாகத் தெரிய ஆரம்பிக்கிறது என்பேன் நான். நம் வீட்டு வரவேற்பறைகளில் அம்மியும் உரலும் செடித்தொட்டிக்குப் பக்கத்தில் அலங்காரமாக உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் வேறில்லை.

முகம் வெட்டி விளக்கு வைக்கிற பழக்கம் வேறு வழியில் வந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் கடைசி இரவில் டர்னிப் கிழங்கைக் குடைந்து கண், பல் வெட்டி உள்ளே கங்கு வைப்பார்கள், அலையும் ஆவிகள் அண்டாமலிருக்க. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட பழைய டர்னிப் முகம் ஒன்றின் அச்சு இருக்கிறது. படத்தில் பார்த்தாலே போதும், பரங்கி முகமெல்லாம் பச்சைப் பிள்ளை என்று தோன்றிவிடும். 1840களின் பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ்காரர்களுக்கு அமெரிக்காவில் பெரிதான, உள்ளே பாதி காலியான, கத்திக்கு இளகுகிற காய் கிடைத்தது. யார் கல் மாதிரிக் கிழங்கை இன்னும் குடைவார்கள்?

ஊருக்குள் வந்து சேர்ந்தபோது பிற்பகல் சாய்ந்திருந்தது. ஹாஃப் மூன் பே பன்னிரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பிரதான வீதியை முழுக்க மறித்து இரண்டு நாள் பரங்கித் திருவிழா. வீதியைச் செப்பனிடக் காசு சேர்ப்பதற்காக 1971இல் ஊர்க்காரர்கள் ஆரம்பித்தது. கைவினைக் கடைகள், பித்தளை வாத்தியம், எங்கு திரும்பினாலும் பட்டையும் ஜாதிக்காயும் கலந்த வாசனை. பரங்கி ஐஸ்கிரீம் தின்றேன், பரவாயில்லை. பரங்கி ரொட்டி நன்றாகவே இருந்தது. பரங்கி மசாலா காப்பியை நான் வேண்டாம் என்றேன். ஸ்டார்பக்ஸ் 2003இல் அதை அறிமுகப்படுத்தி, 2015 வரை அதில் ஒரு சொட்டுப் பரங்கி இல்லாமலே விற்றது. பெயர் பரங்கிக்கு, ருசி பட்டைக்கு.

கூட்டம் மொய்த்த இடம் வேறு. வீதியோரத்தில் அந்த வருடச் சாம்பியன் காய் படுத்திருந்தது. ஐந்து நாளுக்கு முன், அக்டோபர் 9ஆம் தேதி, இதே ஊரில் எடை போட்டபோது 2,749 பவுண்டு, அதாவது 1,247 கிலோ. அன்றைக்கு உலக சாதனை. மின்னசோட்டா மாநிலத்து அனோகாவில் தோட்டக்கலை ஆசிரியராக இருக்கும் டிராவிஸ் கிங்கர் விளைவித்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை வரை தண்ணீரும் உரமும் கொடுத்து வளர்த்து, முப்பத்தைந்து மணி நேரம் வண்டியோட்டிக் கொண்டுவந்திருந்தார். அதற்குப் பெயரும் வைத்திருந்தார்: மைக்கேல் ஜோர்டான். பெரிய பெயர்தான். ஆனால் மாவு தளர்ந்து தட்டில் சரிந்த இட்லியின் உருவம். தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் ஒரு பக்கம் அமுங்கி, வெளிறிய ஆரஞ்சில் கிடந்தது. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதன் பக்கத்தில் நின்று படமெடுக்க மட்டும் வரிசை.

இப்படிப்பட்ட ராட்சதக் காய்கள் எல்லாவற்றின் வம்சமும் ஒருவரிடம் போய் நிற்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், வின்ட்சர் என்ற சிற்றூரில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல வருடம் விதை பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜயன்ட்' ரகம் அது. 1979 முதல் 1982 வரை நான்கு வருடம் தொடர்ந்து உலகப் பட்டம் அவருக்கே. இன்றைய எல்லாச் சாம்பியன்களும் அந்த விதை வழிதான். வளர்ப்பு முறை எளிது, பொறுமைதான் அசாத்தியம். மகரந்தத்தைக் கையால் சேர்த்து, கொடிக்கு ஒரு பிஞ்சை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார்கள். உச்ச வளர்ச்சியில் ஒரே நாளில் இருபது கிலோவுக்கு மேல் ஏறும். அவசரமாக ஏறினால் வெடிக்கும். வெடிப்பு உட்கூடு வரை போனால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். ஆறு மாத உழைப்பு ஒரு விரிசலில் போய்விடும். ஹாஃப் மூன் பேயில் 1974இல் நடந்த முதல் போட்டியில் வென்ற காய் 132 பவுண்டு, 60 கிலோ. ஐம்பதாண்டுக்குள் இருபது மடங்கு. கிங்கரின் சாதனையும் இப்போது பழசு; 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டையர்கள் 1,278 கிலோ காயோடு முந்திவிட்டார்கள்.

எடைமேடை நின்ற மைதானம் ஊரின் போர்த்துகீசியச் சங்கத்துக்குச் சொந்தமானது. அசோர் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பரிசுத்த ஆவி சகோதரத்துவம் அது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த பரங்கியினம் நம் கடற்கரைக்கு வந்துசேர்ந்தது பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியக் கப்பல்கள் வழியாகத்தான் என்பார்கள். பாட்டியின் பரணுக்கும் இந்த மைதானத்துக்கும் நடுவே அதே மாலுமிகள் நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இதே ஊரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நாங்கள் போவதற்கு ஒன்பது மாதம் முன், 2023 ஜனவரி 23 அன்று, ஊருக்கு வெளியே இரண்டு காளான் பண்ணைகளில் ஏழு தொழிலாளர்களைச் சகத் தொழிலாளி ஒருவன் சுட்டுக் கொன்றான். செத்தவர்கள் சீனாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த ஏழைகள். அதற்குப் பிறகுதான் அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதே வெளி உலகத்துக்குத் தெரிந்தது. சரக்குப் பெட்டகங்களில் ஆட்கள் வாழ்கிறார்கள், மணிக்கு 9 டாலர் கூலி என்று தன்னிடம் சொல்கிறார்கள் என்றார் மாநில ஆளுநர் கேவின் நியூசம். சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி அப்போது 15.50 டாலர். பரங்கிப் போட்டியில் வெல்கிற காய்க்குப் பரிசுத் தொகை பவுண்டுக்கு 9 டாலர் என்ற கணக்கில்தான். உலக சாதனை என்பதால் கிங்கருக்கு 30,000 டாலராகக் கொடுத்தார்கள். அவர் உழைத்துப் பெற்றதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசற்படியில் அடுக்குகிற ஒவ்வொரு காயையும் யாரோ குனிந்து அறுத்துத் தூக்கியிருக்கிறார்கள். சீட்டு கிழிக்கும் இடத்தில் அந்த முகங்களை நான் பார்க்கவில்லை.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம். மறுநாள் மாலை, நவராத்திரி முதல் நாள், மாப்பிள்ளையும் பேரனும் ஒரு காயை மேசையில் வைத்துக் குடைந்தார்கள். சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். முக்கோணக் கண், கோணல் பல். "இது நம்ம திருஷ்டிப் பூசணிதானே! கட்டித் தொங்க விடாம உக்கார வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

அவர் சொன்னதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. புதுவீடு எழும்பும்போது வெள்ளைப் பூசணியில் மீசையும் கோரைப் பல்லுமாய் அரக்கன் முகம் எழுதிச் சாரத்தில் தொங்க விடுகிறோம். ஆயுத பூஜையன்று குங்குமம் தடவிச் சூடம் ஏற்றித் தெருவில் உடைக்கிறோம். செடி வேறு; வெள்ளைப் பூசணி ஆசியக் கொடி, அமெரிக்காவோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ஐரிஷ் கிழவியும் மாம்பலத்து மேஸ்திரியும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்யவில்லை. உருண்டையான காயைப் பார்த்தால் அதில் ஒரு முகம் எழுதி, பொல்லாததன் முன்னால் நிறுத்தி வைக்கத் தோன்றும் போலிருக்கிறது மனித ஜாதிக்கு. தெருவில் உடைத்துவிட்டு அப்படியே போகிறோமே, பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரர் கதி என்ன என்று மட்டும் எங்கும் ஒருவரும் யோசிப்பதில்லை.

அலங்காரம் என்றால் எனக்கு மார்கழிதான். கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகிய பரங்கிப் பூ. பறிப்பது பெரும்பாலும் ஆண்பூ. கொடியில் அதுதான் ஏராளம், காய்ப்புக்கு நஷ்டமில்லை. வெயில் ஏறினால் வாடிவிடும், மறுநாள் புதுப் பூ. அமெரிக்க வாசல்களில் முகம் வெட்டிய காய்க்கு ஒரு வாரம் ஆயுள். நவம்பர் பிறந்ததும் தெருத்தெருவாகக் குப்பைத் தொட்டியில் பரங்கி. சில ஊர்களில் எருவாக்குகிறார்கள். போர்ட்லண்டின் ஆரிகன் மிருகக்காட்சி சாலையில் 1999இலிருந்து யானைகளுக்கு ராட்சதக் காய்களைக் கொடுத்து மிதித்துத் தின்ன விடுகிறார்கள். இந்தக் காயை இந்தப் பருவத்தில் அந்த நாட்டில் முழுமனதோடு ரசித்துத் தின்கிற ஜீவன் யானை ஒன்றுதான் என்று தோன்றுகிறது. 'பை'க்காக டப்பாவில் விற்பதுகூட வாசலில் பார்க்கிற ஆரஞ்சு உருண்டை கிடையாது. இல்லினாய் மாநிலத்து மார்ட்டன் ஊரைச் சுற்றி விளைகிற, பழுப்புத் தோல் கொண்ட டிக்கின்சன் ரகம்.

போக நினைக்கிறவர்களுக்கு: திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் முதல் வாரம், வேலைநாள், காலை பத்து மணிக்குள் மலையைத் தாண்டிவிட வேண்டும். எடைப் போட்டி அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை காலையில். திருவிழாவைவிட அதில்தான் சுவாரசியம் அதிகம். கடற்கரைக் காற்று குளிரும், கம்பளிச்சட்டை அவசியம். முகம் வெட்டுவதற்கென்று விற்கிற பெரிய ஆரஞ்சுக் காயைச் சமையலுக்கு வாங்காதீர்கள். தண்ணீரும் நாருமாக இருக்கும். சிண்டரெல்லாவோ ஜாரடேலோ எடுங்கள், கூட்டுக்கும் புளிக்குழம்புக்கும் நம் ஊர்க் காய்க்குக் குறைவில்லை. வெட்டாமல், காம்பு ஒடியாமல், ஈரம் படாத குளிர்ந்த மூலையில் வைத்தால் அக்டோபரில் வாசலை அலங்கரித்த அதே காய் தைப்பொங்கல் கூட்டுக்கு உதவும்.